மீன் முதுகு

என் தம்பி சிற்பி. அதை அவனே சொல்லிக்கொள்வான். அடுத்தவர் சொல்ல இடம் வைக்கமாட்டான்.

ஆற்றோரம் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போட்ட பாதையில் கலை இருக்கைகள் செய்யும் வேலை அவனுக்குக் கிடைத்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தினமும் நானும் அப்பாவும் அங்கேதான் நடப்போம். அவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. பாதையின் வளைவுக்கு வந்ததும் மூச்சு வாங்கும், உட்கார இடம் கிடையாது, திரும்பிவிடுவோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை; அவரோடு பஸ் ஓட்டியவர்கள் கூடும் இடம். வளைவில் சற்று உட்கார்ந்து போனால் அங்கே எட்டிவிடலாம்.

"வளைவுல ஒண்ணு போடுடா. உயரமா, கைப்பிடியோட. கையை ஊணினாத்தான் அவரால எழுந்திருக்க முடியும்."

"அக்கா, நான் ஆஸ்பத்திரி நாற்காலி செய்யல" என்றான்.

வளைவில் போட்டான், இல்லையென்று சொல்லக்கூடாது. வழவழவென்று ஒரு கான்கிரீட் மீன். முழங்காலுக்கும் கீழே அதன் முதுகு. பிடித்துக்கொள்ள ஒரு செதில்கூட இல்லை.

திறப்பு விழாவில் முதலில் உட்கார அப்பாவைக் கூப்பிட்டான். வேண்டாமென்று நான் கண்ஜாடை காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மகன் செய்த மீன்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

பிறகு எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி முயன்றார், கை வழுக்கியது. நான் கை நீட்டினேன், தட்டிவிட்டார்.

"காத்து நல்லா இருக்கு. நீங்க போங்க, நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்" என்றார், எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி.

"பாத்தியாக்கா, எழுந்திருக்கவே மனசு வரல அவருக்கு!" தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தினர்களை அடுத்த இருக்கைக்கு அழைத்துப்போனான்.

கூட்டம் மறைந்ததும் அப்பா மெல்லச் சொன்னார்: "இப்ப தூக்கும்மா."

தனியாக முடியவில்லை. சைக்கிளில் வந்த ஒருவரை நிறுத்தினேன். ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி நிறுத்தினோம்.

"அவன்கிட்ட சொல்லிடாதே" என்றார் அப்பா. தம்பியை நாலு அறை அறையவேண்டும் போலிருந்தது எனக்கு. அப்பாவையும்தான்.

அதற்குப்பின் அவர் நடக்கவே வரவில்லை. செருப்பை எடுத்துவைத்தால், "கால் வலிக்குது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்தச் சுவரில்தான் தம்பி போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுகிறான்.

"அப்பாவுக்காகவே செஞ்சது."

அப்பா படுத்தபடியே ஆமாமென்று தலையாட்டுகிறார்.