அட்டை கவிழும் வரை

ஆட்ட அட்டைகள் விற்கும் அட்டைக்கடையின் பின்னறையில் ஞாயிறுதோறும் கூடி ஆடுகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாராவது சொந்தமாக வரைந்த அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால், கருத்துச் சொல்கிறவர் பேசி முடித்து அதைக் கவிழ்க்கும்வரை வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. முணுமுணுக்கக் கூடாது, தலையில் அடித்துக்கொள்ளக் கூடாது. சட்டத்தைப் போட்டவர் கடைக்காரர். அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அடிதடிதான். ஆட வருகிறவர்களில் ஒருவரான பல் டாக்டர் தன் டிராகன் அட்டைக்காக நாற்காலியைத் தூக்கிய கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கருத்துச் சொல்கிறவர்களில் எல்லாரும் பயப்படுகிற ஆள், கத்திரி. தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டிப் போட்டுவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். மந்திரவாதிகளும் பூதங்களும் மோதிக்கொள்ளும் அந்த ஆட்டத்தில், எந்த அட்டை எதோடு சேர்ந்தால் வினையாகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்து வருஷக்கணக்காகிறது.

அவள் கணவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும். அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவன் அவன். பஸ்ஸில் போனால் கூட்டம் இடிக்கும், நடந்து போனால் வெயில் அடிக்கும், தோழி வீட்டுக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும் என்பான். கடைத்தெருவுக்குப் போனாலும் வழியெல்லாம் போன். "இப்படி ஒருத்தன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்," என்பார் மாமியார். அதிலும் பொய் இல்லை. அன்பாக இருக்கிறான் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அவளுக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தை அச்சடித்து விற்கிற கம்பெனி ஊரின் மறுகோடியில் இருந்தது. புது அட்டைகளைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். வருவதானால் இன்று சாயங்காலத்துக்குள் பதில் போட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

காலையிலேயே அவள் ஆரம்பித்தாள். "ஏங்க, அந்த வேலை விஷயமா இன்னிக்கு..."

"அப்புறம் பேசிக்கலாம்மா. இன்னிக்கு உனக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன்," என்றான் அவன்.

நேற்றும் அப்புறம்தான், போன வாரமும் அப்புறம்தான். முடியாது என்று நேரடியாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அப்புறத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது?

மத்தியானம் இருவரும் அட்டைக்கடைக்குப் போனதும் சர்ப்ரைஸ் பின்னறை மேஜையில் வெளிப்பட்டது. அவன் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்த அட்டை. பெயர் 'கோட்டை அரசி'. வானத்தைத் தொடுகிற சுவர்களுக்கு நடுவே அரசி நின்றாள். மூக்கும் கன்னத்து மச்சமும் அப்படியே கத்திரியுடையவை. கூடியிருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். "ஆளையே உரிச்சு வச்சிட்டியேப்பா," என்றார் பல் டாக்டர். கணவனின் முகமெல்லாம் பூரிப்பு. அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"கத்திரி, நீயே சொல்லும்மா," என்றார் கடைக்காரர். அவன் பக்கம் திரும்பி, "சட்டம் ஞாபகம் இருக்குல்ல தம்பி? வாயை மூடு," என்றார்.

அவன் சிரித்துக்கொண்டே உதட்டில் விரலை வைத்துக்கொண்டான்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை அவள் சத்தமாகப் படித்தாள். 'எந்த அட்டையாலும் இவளைத் தொட முடியாது. இவள் களத்தை விட்டு நீங்குவதில்லை.'

"படம் ரொம்ப நல்லா இருக்கு," என்று தொடங்கினாள். "ஆனா எழுத்துல தப்பு இருக்கு. எந்த அட்டையாலும்னு போட்டா, எதிராளியோட அட்டை மட்டும் இல்லே, நம்ம அட்டையும் அதுல சேர்த்திதான். இவளுக்கு ஒரு வாள் குடுக்க முடியாது. ஒரு குதிரை குடுக்க முடியாது. பக்கத்துல நிக்கற மந்திரவாதியால இவளுக்குப் பலம் ஏத்தவும் முடியாது."

கணவன் பேச வாயெடுத்தான். கடைக்காரர் விரலை நீட்டியதும் அடங்கினான்.

"வெளியேயும் போக முடியாது. ஆட்டம் முடியற வரைக்கும் நின்ன இடத்துலயே நிக்கணும். எதிராளி இவளை அடிக்கவே மாட்டான். எதுக்கு அடிக்கணும்? சுத்திக்கிட்டுப் போயிடுவான். இவ ஒரு இடத்தை அடைச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டிருப்பா. ஜெயிச்சாலும் மத்தவங்க ஜெயிச்சதுதான், தோத்தாலும் மத்தவங்க தோத்ததுதான்."

வழக்கமாக இந்த இடத்தில் கேலி கிளம்பிவிடும். இன்று யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் டீயை வாய்வரை கொண்டுபோனவர் குடிக்காமல் கீழே வைத்தார். கத்திரிக்குத் தன் குரலே புதிதாகக் கேட்டது. யாரும் குறுக்கே விழாமல் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள்.

"இதை எப்படிம்மா சரி பண்றது?" என்று கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வரி போதும்ண்ணே. 'இவள் நினைத்தபோது வெளியே போகலாம், திரும்பி வரலாம்.' போனா வர மாட்டாளோன்னு வரைஞ்சவருக்குப் பயம். அந்தப் பயத்துல சுவரை ஏத்திக்கிட்டே போயிட்டாரு. அவ வருவா. ஆனா அவளா வரணும்."

அட்டையைக் கவிழ்த்தாள்.

அவன் கண் கலங்கியிருந்தது. "நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி," என்றான். "எனக்குத் தோணவே இல்லே பாரு. இன்னிக்கே அந்த வரியைச் சேர்த்துடறேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அப்போ அந்த வேலை? சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும்ங்க."

"அதெல்லாம் இங்கே எதுக்கும்மா? வீட்டுக்குப் போய் அப்புறம்..."

அவள் அட்டையை மறுபடி நிமிர்த்திப் போட்டாள்.

அவன் பேச்சு பாதியில் நின்றது. கடைக்காரரைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டரைப் பார்த்தான். அவர் தன் விரலை எடுத்து உதட்டில் வைத்துக்காட்டினார்.

"நான் இன்னும் முடிக்கலே," என்றாள் கத்திரி. ஒரு கையை அரசியின் மேல் வைத்துக்கொண்டே, மறு கையால் போனை எடுத்து, கம்பெனிக்குப் பதில் எழுதத் தொடங்கினாள்.