ஓர்னா தீவு நடந்ததா?

நிஷிவாக்கிக்கு ஒரு பழக்கம். யார் எதைக் கேட்டாலும் முதலில் பாதிதான் தருவதாகச் சொல்வார். அவர் அப்பா ஒசாகாவின் செம்பா பகுதியில் கிமோனோ துணி மொத்த வியாபாரம் பார்த்தவர். அந்தக் கடையில் முதலில் சொன்ன வார்த்தையைக் கடைசி வார்த்தையாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொண்டால் எதிரில் இருப்பவர் முகம் சுண்டிப்போகும், என்னோடு பேசக்கூட உனக்குப் பிடிக்கவில்லையா என்று. மகன் துணி விற்கவில்லை. வீடியோ கேமுக்குக் கதை எழுதப் போய்விட்டார். வாய் மட்டும் கடையிலேயே உட்கார்ந்துகொண்டது.

‘சாம்பல் மகுடம்’ என்ற தொடருக்கு அவர் இருபது வருடமாகத் தலைமைக் கதாசிரியர். வாளும் மந்திரமும் அரக்க அரசனும் உள்ள கதை. மூன்று பாகம் வெளிவந்து, நாலாவதை எழுதிக்கொண்டிருந்தார். இருபதாம் ஆண்டு நிறைவுக்கு அந்தக் கற்பனை உலகத்தின் சரித்திரத்தை வருட வாரியாக ஒரு தடித்த புத்தகமாகப் போடுவதென்று கம்பெனி முடிவு செய்திருந்தது. திங்கட்கிழமை காலை, தயாரிப்பாளர் ஓகிதா அவர் மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“யோவ், ஓர்னா தீவு நடந்ததா, நடக்கலையா?”

“விளையாடினவனுக்கு நடந்துச்சு. விளையாடாதவனுக்கு நடக்கல.”

“இந்த ஜவுளிக்கடைப் பேச்செல்லாம் என்கிட்ட வேணாம். புத்தகத்துல அதுக்கு வருஷம் போடவா வேணாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது.”

ஓர்னா தீவு என்பது இரண்டாம் பாகத்துக்கு வந்த எக்ஸ்பான்ஷன். விளையாட்டு வெளியாகி ஒரு வருடம் கழித்து, தனியாக வாங்கி இறக்கிக்கொள்ள வேண்டிய கூடுதல் கதை. விளையாடியவர்களில் ஆறில் ஒருவர்தான் அதை வாங்கினார். எழுதியவர் ஒனோதெரா என்ற பெண்மணி. அப்போது நிஷிவாக்கிக்கு அடுத்த மேசை.

ஒனோதெராவின் கையில் வந்து சேர்ந்தபோது கதை ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. மேற்கொண்டு எதையும் கடைசியில் ஒட்ட வழியில்லை. நடுவில்தான் செருக வேண்டும். ஒன்பதாம் அத்தியாயத்தில் கோட்டையின் மலையடிவாரம் வரை போய்விட்ட வீரன் வேரின், பத்தாம் அத்தியாயத்தில் அரக்க அரசனைக் கொல்கிறான். இடையில் அவனைத் தீவுக்கு அனுப்ப வேண்டும். ஓகிதா அப்போதே கிண்டல் செய்தார்: “உலகம் அழியப்போகுது, நம்ம ஆளு தூண்டில எடுத்துக்கிட்டு மீன் பிடிக்கப் போறான். ரொம்ப நல்லாருக்கும்!” மறுநாள் ஒனோதெரா கோட்டைக்குப் போகும் மலைப்பாதையைப் பனியால் மூடிவிட்டார். ஒரு குளிர்காலம் முழுக்க வேரினுக்கு வேறு வேலையில்லை என்றாகிவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றிருந்தது. இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் கிழவனாகிவிட்ட வேரின், “நான் கடலையே பார்த்ததில்லை” என்று சொல்வான். நிஷிவாக்கி எழுதிய வசனம். குரல் கொடுத்தவரும் தொழிலை விட்டுப் போய்விட்டார், மாற்றிப் பதிவு செய்ய வழியில்லை. கடலைப் பார்க்காதவனை எப்படித் தீவுக்கு அனுப்புவது? ஒனோதெரா அந்த வசனத்தைத் தொடவே இல்லை. தீவில் மீரில் என்ற படகோட்டிப் பெண், பொங்கிவரும் கடலை அடக்கத் தன் குரலையே கடலுக்குக் கொடுத்துவிடுகிறாள். தீவைத் தேடி இனி யாரும் வந்துவிடக் கூடாது என்று சைகையால் வேரினிடம் கேட்கிறாள். கடலைப் பார்த்ததாகவே சொல்ல மாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுக்கிறான். அவ்வளவுதான். அறியாமல் சொன்ன பழைய வசனம், அறிந்தே சொல்லும் பொய்யாகிவிட்டது. தீவுக்குப் போய்விட்டு வந்து அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி பார்த்தவர்கள் அழுதார்கள். தன் வசனத்தைத் தன்னைவிட நன்றாக இன்னொருவர் எழுதிவிட்டதை நிஷிவாக்கி அன்றைக்குப் புரிந்துகொண்டார். வாய் திறந்து சொல்லவில்லை. “பரவால்ல, ஒட்டு தெரியல” என்றார். அவர் ஊர்க் கணக்கில் அது பெரிய பாராட்டு.

இப்போது நாலாம் பாகத்தில் வேரினின் பேத்திதான் அந்த வம்சத்திலேயே முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறாள். கதையே அதன் மேல்தான் நிற்கிறது. தீவு நடந்ததென்றால் தாத்தா முந்திக்கொண்டவராகிறார்.

“நடந்ததாவே வெச்சுக்கலாம்” என்றார் நிஷிவாக்கி. “தாத்தா எழுதி ஒளிச்சு வெச்ச லெட்டர் ஒண்ணு பேத்தி கைக்கு வருது. ரெண்டு வாரம் கூடுதலா வேலை இருக்கும்.”

“ரெண்டு வாரம் தர்றேன். இல்ல, நடக்கலன்னு சொல்லு, அதுவும் எனக்குச் சம்மதம். எழுதினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு.”

ஆக, முழுச் சரக்கும் நிஷிவாக்கியின் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தென்னோஜி ஸ்டேஷன் பக்கத்துக் காபிக் கடையில் ஒனோதெராவைப் பார்த்தார். கம்பெனியை விட்டு மூன்று வருடமாகிறது. அருங்காட்சியகங்களில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் விளக்கவுரைகளை எழுதிக்கொண்டிருந்தார். வடக்கே இவாத்தே மலைப்பக்கத்துக்காரர். ஒசாகாவுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும், எலக்ட்ரானிக் கடையில் சீட்டில் போட்டிருக்கும் விலையை அப்படியே கொடுத்துவிட்டு வணக்கம் வைத்துவிட்டு வருகிறவர்.

இருவருக்கும் தடித்த ரொட்டியும் அவித்த முட்டையும் வந்தன.

“மியூசியத்து மண்பானை பத்தி எத்தனை நிமிஷத்துக்கு எழுதினீங்க?” என்றார் நிஷிவாக்கி.

“பதினோரு நிமிஷம். யாரும் முழுசாக் கேக்க மாட்டாங்க. மூணாவது நிமிஷத்துல டாய்லெட் தேடிப் போயிடுவாங்க.”

“நம்ம கேம்லயும் அதே கதைதான்.”

ஒனோதெரா சிரித்தார். நிஷிவாக்கி விஷயத்துக்கு வந்தார். வரும்போதே மனதில் மூன்று படி போட்டு வைத்திருந்தார். முதல் படி: தீவு வெறும் பாணன் பாட்டு, புத்தகத்தின் பின்னிணைப்பில் சின்ன எழுத்தில். ஒனோதெரா அதெப்படி என்று கேட்பார். இரண்டாம் படி: ‘நடந்ததாகச் சிலர் சொல்வர்’ என்று பெரிய எழுத்தில். அவர் இன்னும் இறங்க மாட்டார். மூன்றாம் படி: வருடம் போட்டு முழுப் பதிவு, நாலாம் பாகத்தில் கடிதம். கடைசியில் ஒனோதெரா ஜெயித்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார். மரியாதை என்றால் என்னவென்று செம்பாவில் அவருக்குச் சொல்லித் தந்திருந்தது இதைத்தான்.

“ஓர்னா தீவ ஒரு பாணன் பாட்டா வெச்சுக்கலாம்னு பாக்கறோம்” என்றார். “நெசமா நடந்ததா இல்லாம, மக்கள் பாடற கதை மாதிரி. பின்னாடி, சின்ன எழுத்துல.”

ஒனோதெரா முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு கடைசிச் சில்லு வரை உரித்து, ஓடுகளைத் தட்டின் ஓரத்தில் கூட்டி வைத்தார்.

“சரிங்க” என்றார்.

நிஷிவாக்கி காத்திருந்தார். காபியைக் கலக்கினார்.

“ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம், ஒனோதெரா சான்.”

“நேர்ல வந்து சொன்னீங்களே, அதுவே பெருசு. போன்லயே சொல்லி முடிச்சிருக்கலாம்ல.”

“எழுத்துகூட… கொஞ்சம் பெருசாவே போடலாம்.”

“சின்னதே போதுங்க. பாட்டுன்னா அப்படித்தானே இருக்கும்.”

தலையை லேசாகக் குனிந்தார். பேச்சு முடிந்துவிட்டது. தன் ரொட்டிக்குத் தானே காசு வைத்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நிஷிவாக்கி அசையாமல் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒன்றை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கூப்பிடலாமா என்று பார்த்தார். எதிராளி ஒரு வார்த்தை பேசாதபோதே தானாக விலையை இறக்கிச் சொல்கிறவனைப் பற்றி அப்பா கடையில் ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது: சரக்கில் ஏதோ கோளாறு. ஒனோதெரா வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுக் கூப்பிடுவார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். புதன்கிழமை முழுக்க போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். வியாழக்கிழமை குளியலறைக்குள்கூடக் கொண்டுபோனார். இரண்டு தடவை அடித்தது. ஒன்று பல் டாக்டர், இன்னொன்று கொழுந்தியாள்.

வெள்ளிக்கிழமை ஓகிதா வந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“சரின்னாங்க.”

“அவ்வளவுதானா? திட்டலையா?”

“இல்ல.”

“நீ என்ன சொல்லிக் கேட்ட?”

“பாட்டா வெச்சுக்கலாம்னு.”

“அவங்களுக்கும் சம்மதம்னா நல்லதாப் போச்சு. ரெண்டு வாரமும் மிச்சம்.” ஓகிதா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். “என்னய்யா, நல்லதுதானே?”

இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. வேரின் எழுதும் கடிதத்தின் முதல் வரைவு பையிலேயே கிடந்தது. ஆனால் சொன்னால் ஓகிதா கேட்பார்: தருவதாக இருந்தவன் ஏன் தரவில்லை என்று?

“நல்லதுதான்” என்றார்.

புத்தகம் ஏப்ரலில் வந்தது. ஓர்னா தீவு எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அடிக்குறிப்பு அளவு எழுத்தில், ‘கடலோர ஊர்களில் பாடப்படும் ஒரு கட்டுக்கதை’ என்று இருந்தது. ஆறில் ஒருவராக அதை வாங்கியவர்கள் கோபமாகக் கடிதம் போட்டார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க நாங்கள் இருந்த இடம் இல்லவே இல்லை என்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு மட்டும் நிஷிவாக்கி பதில் எழுத உட்கார்ந்தார், முடியவில்லை.

நாலாம் பாகம் அடுத்த நவம்பரில் வெளியானது. நன்றாகவே ஓடியது. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒனோதெராவிடமிருந்து போன் வந்தது.

“விளையாடி முடிச்சுட்டேன். பேத்தி கடலப் பாக்கற இடம் நல்லா வந்திருக்கு.”

“ஒட்டு தெரியலையே?”

“ஒட்டறதுக்குத்தான் எதுவும் இல்லையே.” குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. “ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது. நீங்க அன்னிக்குக் கூப்பிட்டப்ப, தீவப் பத்தித்தான் பேசப்போறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படிச் சேக்கலாம்னு ராத்திரியே எழுதிக் கொண்டுவந்திருந்தேன்.”

நிஷிவாக்கி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“எப்படி?”

“கதைல எதையும் மாத்த வேணாம். பேத்தி அலையப் பாத்து பயந்து நிக்கறாள்ல, அப்ப அவ வாய்ல ஒரு தாலாட்டு வரணும். வார்த்தையே கிடையாது, முணுமுணுப்புதான். தாத்தா தூங்க வெக்கறப்ப பாடினது. அது மீரில் கடலுக்குக் குடுத்த குரல்ல இருந்த மெட்டு. கேட்டதும் கடல் அடங்கிடும். தீவுக்குப் போகாதவங்களுக்கு அது சும்மா ஒரு பாட்டு. போனவங்களுக்கு… சரி, அரை நாள் வேலைதான்.”

நிஷிவாக்கிக்குத் தன் கடிதம் ஞாபகம் வந்தது. மூன்று பக்கம், இரண்டு வாரம். இதன் பக்கத்தில் வைக்க லாயக்கில்லாதது.

“ஏன் சொல்லல?”

“நீங்க முடிவு பண்ணிட்டுல்ல வந்தீங்க. முடிவ மாத்துங்கன்னு கேக்கறது எங்க பக்கம் வழக்கமில்ல. எப்படிச் செய்யலாம்னு ஒரு வார்த்தை கேப்பீங்களான்னு பாத்தேன். காபி ஆறற வரைக்கும் பாத்தேன்.”

நிஷிவாக்கியும்தான் காபி ஆறும் வரை பார்த்திருந்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள்.

“நிஷிவாக்கி சான், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. அன்னிக்கு உங்க மனசுல வேற வழி ஏதாவது இருந்துச்சா? இல்ல, அது ஒண்ணுதானா?”

பேரம் பேசுவதிலேயே தலை நரைத்தவர் அவர். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை. எல்லாமே உங்களுக்கென்று கொண்டுவந்திருந்தேன், கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாமென்று கையை மூடிக்கொண்டேன் என்று அந்த மனுஷியிடம் சொல்வதா?

“அது ஒண்ணுதான் இருந்துச்சு” என்றார்.

“அப்ப சரிங்க” என்றார் ஒனோதெரா. குரலிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது.