பீமிலிக்கு ஏழு மைல்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கணவர் கோவர்த்தனன் சைக்கிளின் பின் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஓட்டுவதை விட்டு ஆறு வருஷமாகியிருந்தது. ஆனாலும் செவ்வாய்தோறும் காற்றடிப்பார். "வால்வு டியூப் இத்துப்போச்சு, சாயந்திரம் ஒண்ணு வாங்கணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, பருப்பை இறக்கிவைக்க உள்ளே போனேன். அவ்வளவுதான்.

(அவர் கண்ணை மூடிய அந்தக் காலையைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நாலிலும் நான் அழுதுகொண்டே இருக்கிறேன். எழுத உட்கார்ந்தது அதை அல்ல. அவர் இருபத்தெட்டு வயதில் தனியாகச் சைக்கிளில் போன பயணத்தை.)

2.

முதல் தொடக்கம்: "நீலப் பட்டு விரித்தாற்போல் கிடந்த கடலின் ஓரமாக, தன்னந்தனியாய் ஓர் இளைஞன்—"

வேண்டாம். கடலைப் பற்றி அவர் ஆயுசுக்கும் சொன்னது "தண்ணி ரொம்ப இருந்துச்சு" என்பது மட்டும்.

இரண்டாவது தொடக்கம்: "1960 ஏப்ரல் முதல் தேதி, எங்கள் சத்தியவேடு பகுதி சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திரத்துக்கு மாற்றப்பட்டது."

இது கதை மாதிரி இல்லை, கெஜட் மாதிரி இருக்கிறது. ஆனால் பயணத்துக்குக் காரணம் இதுதான் என்பதால் வைத்துக்கொள்கிறேன். அவர் சர்வே ஆபீசில் சங்கிலி இழுக்கிறவர். நிலத்தை அளக்கும் அந்த இரும்புச் சங்கிலியின் ஒரு முனை எப்போதும் அவர் கையில் இருக்கும். ராஜ்யம் மாறியதும் ஊரில் சிலர் சண்டை போட்டார்கள், சிலர் மனு எழுதினார்கள். இவர் அந்த மார்கழியில் ஒரு மாதம் லீவு போட்டார். சேர்த்துவிட்ட ராஜ்யத்தின் கடலோரமாகவே வடக்கே போய், பீமிலியைப் பார்த்துவிட்டு வரப்போவதாகச் சொன்னார். விசாகப்பட்டினத்தைத் தாண்டி இருக்கிறது பீமிலி. அங்கே மலை கடலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்று யாரோ ஒரு சர்வேயர் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் மலை மேற்கே, கடல் கிழக்கே. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

என் மாமனார் வெங்கடசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னாடா, ராஜ்யத்தயே சங்கிலி போட்டு அளக்கப் போறியா?"

"அளக்கல நைனா. நம்மள எதோட சேத்தாங்களோ, அது எதுவரைக்கும் போவுதுன்னு பாத்துட்டு வரேன்."

"மாட்ட வித்தா, வாங்கனவன் ஊர மாடு சுத்திப் பாத்துக்கினா கீது?"

நான் சிரித்துவிட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சிரித்திருக்கக் கூடாது. அவர் என்னைப் பார்த்து, "நீயும் சிரி. வந்து சொல்றேன்" என்றார்.

3.

இங்கே நெல்லூர், ஓங்கோல், பெஜவாடா என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார். ஆனால் கார்டுகளில் இருப்பது இவ்வளவுதான்: இன்று இத்தனை மைல், பின் டயர் பஞ்சர், மோர் நன்றாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை நானூற்றைம்பது மைல் எப்படி ஓட்டிக்கொண்டு போவது? கோதாவரியில்* இறங்கி, "தாட்சாயணி, இந்த ஆற்றின் அகலத்தைச் சொன்னால் நம்பமாட்டாய்" என்று எழுதியவர், அகலத்தை எழுதவில்லை. அளக்காததை எழுத மாட்டார்.

துனி என்ற ஊரில் நடந்ததை மட்டும் வாயால் சொன்னார். டீக்கடையில் இவருடைய தெலுங்கைக் கேட்டு அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். எந்த ராஜ்யம் என்று கடைக்காரர் கேட்டார். ஆந்திரா என்றார் இவர். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து என்றார். ஏப்ரலிலிருந்து என்றார் இவர். டீயை மட்டும் எதிலும் குறைவில்லாமல் போட்டுக் கொடுத்தாராம்.

* அப்போது அங்கே ரயில் பாலம் உண்டு, சாலைப் பாலம் கிடையாது. லாஞ்சில் சைக்கிளைப் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் படுத்து வந்திருக்கிறார். தானும் படுத்தது அவர் கடைசிவரை சொல்லாத விஷயம். கார்டில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்து நான் ஊகித்தது.

4.

துனிக்கு அப்பால் மேடுகள். ஏறும்போது இறங்கித் தள்ளுவார், இறங்கும்போது காலைத் தூக்கிக்கொள்வார். பதினாறாம் நாள் விசாகப்பட்டினத்தைக் கடந்து செம்மண் பாதையில் போனார். ஒருபக்கம் மலை, ஒருபக்கம் அலை. ஒரு மேட்டில் ஏறி இறக்கத்தில் விட்டபோது பிரேக் கட்டை பிய்ந்தது. விழுந்தார். எழுந்து பார்த்தால் இடது முன்கை இருக்க வேண்டிய மாதிரி இல்லை. எதிரே மைல் கல்: பீமிலி 7.

இப்போது ரங்கையா வருகிறார்.

(ரங்கையாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கட்டைவண்டியில் தென்னை மட்டை ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்தது நிஜம். அதில் ஒரு மட்டையைப் பிளந்து துண்டால் கையைக் கட்டியது நிஜம். பெயரைக் கேட்காமல் வந்துவிட்டார் என் கணவர். அதனால் ரங்கையா என் கைவேலை. மீசை வைக்கலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்து, வைக்கவில்லை.)

ரங்கையா சொன்னது நியாயம். ஏழு மைலில் ஊர் இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், வண்டியில் ஏறு. வேண்டாமென்றால் பின்னால் பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி. இவர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, புத்தூர் போக வேண்டும் என்றார்.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் யோசிப்பதில்லை. குழந்தை மரத்திலிருந்து விழுந்தாலும், கிழவர் வழுக்கினாலும், புத்தூருக்கு வண்டி கட்டுவார்கள். பச்சிலையும் முட்டையும் வைத்து அங்கே போடும் கட்டைத் தவிர வேறு எதற்கும் உடம்பைக் கொடுக்க மாட்டோம். ரங்கையா, எந்தப் புத்தூர் என்று கேட்டார். அதைச் சொல்லும்போது, நாற்பது வருஷம் கழித்தும், என் கணவரின் முகம் அப்படியே திகைக்கும்.

"புத்தூர் தெரியாத மனுசன் இருக்கான், தாட்சாயணி. அதுவும் நம்ம ராஜ்யத்துல."

5.

விசாகப்பட்டினத்துக்கே திரும்பி வால்டேர் ஸ்டேஷனில் ரயில், கூடூரில் மாறி, ரேணிகுண்டாவில் மாறி, மூன்று நாள். வழியில் எத்தனை ஆஸ்பத்திரி. சைக்கிள் ரயிலின் பிரேக்வேனில், சாமான்களோடு வந்தது. புத்தூரில் கட்டுப் போட்டவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூணு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றாராம். "வந்துக்கினு இருந்தேன்" என்றார் இவர்.

தாமதத்தால் கை கொஞ்சம் கோணலாகவே சேர்ந்தது. பிறகு சங்கிலி இழுக்க முடியவில்லை. ஆபீசில் வரைபடக் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. பயணத்தை யார் கேட்டாலும் மைல் கல் வரைக்கும் சொல்வார். "அங்க போய் மலை எறங்குதா?" என்று கேட்டால், "தெரியாது. நான் இன்னும் போவல" என்பார்.

6.

நான் போயிருக்கிறேன்.

1987இல் என் அண்ணன் மகன் உமாபதிக்கு விசாகப்பட்டினத்தில் கல்யாணம். மறுநாள் உறவுக்காரர்கள் எல்லாரும் பீமிலிக்குப் பஸ்ஸில் கிளம்பினார்கள். இவர் மண்டபத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டேன்.

"பஸ்ல போனா அது வேற ஊரு. நீ போய் வா."

போனேன். அந்த மேடு, அந்த இறக்கம், அதற்கப்புறம் ஏழு மைல், முடிவில் உள்ளது, எல்லாவற்றையும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். சாயந்திரம் திரும்பியதும் அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"காத்து எதுத்தாப்புல அடிக்குதா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "வாணாம், சொல்லாத" என்றார்.

பதினேழு வருஷம் நான் சொல்லவில்லை. சில ராத்திரிகளில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஒரே வீட்டில் அந்த ஏழு மைல் ஒருவரிடம் இருந்தது, இன்னொருவரிடம் இல்லை. கதை எழுத உட்கார்ந்ததன் உண்மையான காரணம் இதுதான், இப்போது சொல்கிறேன்: எழுத்திலாவது அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

7.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) பிரேக் கட்டை பிய்யவில்லை. வெயில் சாயும் நேரத்தில் அவர் பீமிலிக்குள்

(ஆ) ரங்கையாவின் வண்டியில் ஏறிக்கொள்கிறார். மட்டைகளின்மேல் சைக்கிள். வண்டி கடைசி மேட்டில் ஏறியதும் ரங்கையா கையை நீட்டி, அதோ என்று

(இ) சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, வரேன்" என்று எழுந்து

மூன்றும் நன்றாகவே வந்தன. மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் மூன்றிலும் பீமிலியைப் பார்ப்பது நான்தான். அவருடைய கண்ணுக்குள் என் பஸ் ஜன்னலை வைத்திருக்கிறேன். உயிரோடு இருந்தவர் வேண்டாமென்றதை, பதில் சொல்ல முடியாதபோது திணிப்பதா? அடித்துவிட்டேன், அடித்தது தெரியட்டும் என்று பாதியோடு விட்டிருக்கிறேன்.

அடித்த பிறகு நன்றாகத் தூங்கினேன்.

வரைபடத்தில் சங்கிலி போகாத இடத்தை என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன். புள்ளி வைத்துவிட்டு வந்துவிடுவோம், அடுத்து வருகிறவன் அளந்து கோடாக்குவான் என்றார். அதில் அவமானம் ஒன்றும் இல்லையாம்.

. . . . . . .

வேண்டுமானால் நீங்கள் போய்க் கோடாக்கிக்கொள்ளுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். எப்படிப் போவது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரிலிருந்து பீமிலிக்கு நேர் பஸ் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.