மாக்கிறேற்றின் கேக்கும் மீன் தராசும்

போன வருடம் கோயில் பெருநாளுக்கு மாக்கிறேற் கொண்டுபோன கேக்கை அல்லைப்பிட்டி இன்னும் மறக்கவில்லை. மறக்க விட்டால்தானே! புருசனின் தங்கை மேரிறோஸ் வெட்டக் கத்தி வைத்துப் பார்த்துவிட்டு, "மச்சாள், இதுக்குக் கரண்டியெல்லோ வேணும். கேக்கோ, களியோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பன்னிரண்டு மாதமாக ஊரைச் சுற்றியது.

பிழை அளவில்தான். செய்முறையில் ரவை ஐந்நூறு கிராம் என்றிருந்தது. கால் லீற்றர் தண்ணீர் கால் கிலோ என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள் மாக்கிறேற். அவளுடைய சுண்டுப் பேணி கால் லீற்றர் கொள்ளும். ஆகவே இரண்டு சுண்டு ரவை அரைக் கிலோ என்று போட்டுவிட்டாள். ரவை என்ன தண்ணீரா?

இந்த முறை மேரிறோஸின் வாயை அடைத்தே தீருவது என்று, கணவன் ஜெகதீஸ் மீன் நிறுக்கும் முள்ளுத் தராசைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிக் குசினிக் கூரை வளையில் கொழுவினாள். தட்டு சிறிது. ரவையைக் கால் கிலோவாக இரண்டு தரம் நிறுத்தாள். வெறுந்தட்டிலேயே முள் பூச்சியத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் நின்றது. உப்புத் தின்ற கிழட்டுத் தராசு, அப்படித்தான் நிற்கும் என்று விட்டுவிட்டாள்.

போன வருடத்தைவிட எவ்வளவு கூட என்று பார்க்கும் ஆசையில் அதையே சுண்டால் அளந்தாள். நாலு சுண்டு வந்தது. இரண்டு போட்டுக் களியானது, நாலு போட்டால் கல்லாகிவிடாதா? நேரமும் மூன்று மணி. நாலுக்குள் கேக் தட்டு பேக்கரிக்குப் போகாவிட்டால், பாண் சுட்ட போறணையின் சூடு ஆறிவிடும்.

அப்போதுதான் பிரிக்காத பட்டர் கட்டி கண்ணில் பட்டது. உறையில் இருநூறு கிராம் என்று அச்சடித்திருந்தது. தூக்கித் தட்டில் வைத்தாள். முள் நூறில் நின்றது.

"இஞ்சேருங்கோ, உங்கடை தராசு நூறு கிராமை விழுங்குது."

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஜெகதீஸ் தலை நிமிரவில்லை. "அது நான்தான் முள்ளைப் பின்னுக்குத் திருகி வைச்சனான். மீன் ஈரத்தோடையெல்லே வாறது? தண்ணியையும் மீனெண்டு நிறுத்துச் சனத்துக்குக் குடுக்கிறதே?"

"எத்தினை வருசமா?"

"உம்மைக் கட்ட முதலே."

ஒரு சொல் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதனை ஒருதரம் நின்று பார்க்காமல் திரும்பவும் முடியவில்லை. திருகாணியைத் திருப்பி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து ஒரு சுண்டு ரவையை நிறுத்தாள். நூற்றெழுபத்தைந்து கிராம். பிறகென்ன, கை தானாக ஓடியது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கேக் தட்டு போறணைக்குள் போனது.

பெருநாளன்று கேக் பஞ்சு மாதிரி வெட்டுப்பட்டது. மேரிறோஸ் மூன்றாம் துண்டை எடுத்துக்கொண்டு, மெல்ல, "மச்சாள், ரவை எவ்வளவு போட்டனீங்கள்?" என்றாள்.

"மூண்டு சுண்டு. அதிலை ஒரு பிடி குறைய."

சொல்லும்போது மாக்கிறேற்றுக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த நாள் விடிய, வள்ளம் கரைக்கு வருமுன்பே, தராசை வெளியே கொண்டுபோய்க் கொழுவினாள். கடையில் வாங்கிய ஒரு கிலோச் சீனிப் பையைத் தட்டில் வைத்தாள். முள் தொள்ளாயிரத்தில் வந்து நிற்கும்வரை திருகாணியைத் திருப்பினாள்.