வெய்க்கோவின் மேசைக்கு அடியில்

ஜூலை மாதக் கோடை விடுமுறையில் எங்கள் குவோப்பியோ அலுவலகத்தில் காபி இயந்திரமும் ஒன்றிரண்டு ஆட்களும்தான் மிஞ்சும். மற்றவர்கள் ஏரிக்கரை மரவீடுகளில் ஆவிக்குளியலும் பீருமாகக் கிடப்பார்கள். இந்த வருடம் மிஞ்சியவர்கள் நானும் மேலாளர் கார்லோவும். இங்கே மேலாளரையும் 'நீ' என்றுதான் அழைப்போம். அன்று அது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

மீட்புப் படகுகளின் திரையில் பாறை எச்சரிக்கை காட்டும் நிரல் எங்களுடையது. இந்தக் கோடையில் ஏரி வற்றிவிட்டது. பழைய நிரலோ பாறைகள் இன்னும் ஆழத்தில் கிடப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. நான் திருத்திய நிரல் அன்று மாலைக்குள் படகுகளுக்குப் போயாக வேண்டும். அதில் ஒரு படகை ஓட்டுபவள் என் தங்கை சைமி.

ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து ஓடும் நிரலாகக் கட்டும் ('பில்ட்' செய்யும்) சர்வர், பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பைக் காட்டிக் கையை விரித்துவிட்டது. பாறைக் கணக்கைப் போடும் லைப்ரரி என்ற துணைநிரலைக் காணவில்லையாம். அதை எழுதியவன் எங்களோடு வேலை செய்யும் வெய்க்கோ; அவனும் லீவில்.

"அந்த லைப்ரரியைக் கூப்பிடற வரிங்களை வேலை செய்யாதபடி மூடிட்டு அனுப்பு இல்மா. பில்ட் பச்சை ஆயிடும்ல?" என்றான் கார்லோ.

"ஆயிடும். பாறை தெரியாது."

"வெய்க்கோ லீவு முடிஞ்சு வந்து சேர்த்துக்கட்டும்."

"அதுவரைக்கும் ஏரியும் லீவுல போகுமா?"

"அப்ப அவனுக்கு ஃபோன் போடு."

"ஜூலைல மரவீட்டுல இருக்கறவனுக்கா? ஃபோனை அணைச்சுப் படகுக்கொட்டகைல போட்டிருப்பான்."

"நான் கேக்கல, சொல்றேன். மூடு."

"மாட்டேன். வேணும்னா நீயே மூடி, உன் பேர்லயே அனுப்பு."

அவன் காபி எடுக்கப் போய்விட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பச்சை விளக்குக்காகப் பாறையை மறைப்பதா?

பிழைச் செய்தியை முதல் எழுத்திலிருந்து படித்தேன். சர்வர் லைப்ரரியைத் தேடிய இடம் வெய்க்கோவின் பெயரில், வெளியே ஒரு கணினியோடு இணைத்திருந்த ஓர் அடைவு (ஃபோல்டர்). உள்ளே ஒன்றுமில்லை. ஆக, அது என்றைக்குமே சர்வரில் இருந்ததில்லை. அந்தக் கணினியிலிருந்து அலுவலக நெட்வொர்க் வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறது.

வெய்க்கோவின் மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். பனிச்சறுக்குக் காலணிகளுக்குப் பின்னால் ஒரு கிழட்டுக் கணினி. பிளக்கைப் பிடுங்கி, ஒயரை அழகாகச் சுருட்டி வைத்திருந்தான். விடுமுறைக்குக் கிளம்புமுன் கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் போவது எங்கள் ஊர் நல்லொழுக்கம். நாசமாய்ப் போன நல்லொழுக்கம்!

சொருகினேன். கனைத்துக்கொண்டு எழுந்தது. பில்ட் பாதி போவதற்குள் சூடேறி அணைந்தது. மறுபடியும் 'காணவில்லை'.

"இது தேறாது. நேரமாச்சு, மூடு," என்றான் கார்லோ, கையில் ஏலக்காய் பன்னோடு.

"பன்னைத் தின்னு. பேசாத."

மூடியைக் கழற்றித் தூசியை வழித்தெறிந்தேன். ஆறட்டும் என்று ஜன்னலருகே இழுத்துவைத்து மறுபடி எழுப்பினேன். இந்தத் தடவை பில்டைத் தொடவில்லை. அது மறுபடி சாவதற்குள் லைப்ரரியின் மூலநிரலை முழுசாக உருவி எல்லோருடைய நிரலும் இருக்கும் எங்கள் பொதுக் களஞ்சியத்தில் போட்டேன். லைப்ரரியையும் சர்வரே கட்டிக்கொள்ளும்படி மாற்றினேன். பிறகு பிளக்கைப் பிடுங்கினேன்.

கார்லோ பதறினான். "ஏய், அதை ஏன் பிடுங்கற?"

"இது இல்லாம ஓடணும். ஓடலைன்னா நான் செஞ்சது வேலையே இல்ல."

பில்டை ஓடவிட்டேன். லைப்ரரி கட்டப்பட்டது. பச்சை. என் திரையில் வரைபடத்தைத் திறந்தேன். வற்றிய ஏரியின் பாறைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. படகுகளுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் சைமி கூப்பிட்டாள். "அக்கா, துறைக்கு முன்னாடியே ஒண்ணு சிவப்பா நிக்குதே! போன வாரம் அது மேலதான் போயிட்டு வந்தோம்."

ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு, கார்லோவின் பக்கம் தள்ளி, "இன்னொரு தடவை சொல்லு," என்றேன்.

சொன்னாள். கார்லோ பன்னைக் கீழே வைத்தான். "சரி, வெய்க்கோ வர்றதுக்குள்ள அந்தக் கணினி ஒயரைத் திரும்பச் சொருகி வச்சிடு, எல்லாம் பழையபடி இருக்கட்டும்," என்றான்.

"மாட்டேன். இனி எந்த பில்டும் அந்தக் கணினியை நம்பி இருக்கக் கூடாது," என்றேன். ஒயரைச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.