பதினைந்தாம் கட்டில்

ஆண்கள் வார்டில் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு நோயாளிகள் கட்டில் மாறினார்கள். யாரும் தூக்கவில்லை, யாரும் நடக்கவில்லை. மணி அடித்து ஓய்வதற்குள் இரண்டாம் கட்டில்காரர் எட்டில் கிடப்பார், எட்டில் கிடந்தவர் ஆறில். முதல் இரண்டு வருடம் ஊசிகள் ஆள் மாறிப் போயின. மூன்றாம் வருடம் தலைமை நர்ஸ் ஒரு காய்ச்சல் அட்டையின் பின்புறத்தில் கணக்கைப் பிடித்துவிட்டார். கட்டில் எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்கி, அந்தக் கனத்தை வார்டிலுள்ள மொத்தக் கட்டில்களால் வகுத்தால் வரும் மீதிதான் புதுக் கட்டில். மீதி இல்லாவிட்டால் கடைசிக் கட்டில். இருந்தது பதினொரு கட்டில், யாரும் யார் மேலும் விழவில்லை. மருந்துச் சீட்டில் ‘பன்னிரண்டுக்குப் பின்’ என்று ஒரு கட்டம் கூடியது, அவ்வளவுதான்.

நர்ஸின் கணவர் பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்து நான்கு விலா எலும்பு முறிந்து வந்தார். அசைக்கவே கூடாது என்றார் டாக்டர். ஒன்றின் கனம் எப்போதும் ஒன்றுதான் என்பதால், நர்ஸே பார்த்து ஒன்றாம் கட்டிலில் போட்டார். மறுநாள் பதினொன்றரைக்கு டியூட்டிக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வார்டில் பதின்மூன்று கட்டில்கள். புதிதாக வந்த இரண்டிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள்.

நின்றபடியே போட்டுப் பார்த்தார். மூன்றின் கனம் இருபத்தேழு, மீதி ஒன்று. ஒன்பதின் கனம் எழுநூற்று இருபத்தொன்பது, மீதி அதே பாழாய்ப்போன ஒன்று. மூன்றில் ஓய்வுபெற்ற தட்டச்சர். ஒன்பதில் நூற்றுப் பத்துக் கிலோ பேக்கரிக்காரர். இரண்டு பேரும் கணவரின் நெஞ்சின் மேல் வந்து விழுவார்கள். நர்ஸ் கண்காணிப்பாளரின் அறைக்கு ஓடினார்.

“சார், அந்த ரெண்டு கட்டிலையும் உடனே எடுக்கணும். இல்லன்னா எங்க வீட்டுக்காரர் செத்துடுவார்.”

“எடுக்கணும்னா மேலிடத்துக் கையெழுத்து வேணும் சிஸ்டர். ஒரு வாரம் ஆகும்.”

“இன்னும் கட்டில் போடறதுக்கு?”

“போடறதை யார் கேக்கப் போறாங்க?”

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. பதினான்கை வைத்துப் பார்த்தார். பேக்கரிக்காரர் மறுபடி ஒன்றுக்கே வந்தார். பதினைந்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம் கிடைத்தது. கிடங்கிலிருந்து மெத்தையில்லாத ஒரு கட்டிலையும் மூன்று காலுள்ள ஒரு கட்டிலையும் இழுத்துவந்தார். மூன்று கால் கட்டில் வார்டு வாசலில் மாட்டிக்கொண்டது. மணி பதினொன்று ஐம்பத்தொன்பது. தள்ளினார், திட்டினார், கடைசியில் கண்காணிப்பாளரே ஓடிவந்து ஒரு மூலையைத் தூக்கினார். சாக்பீஸால் பதினைந்து என்று எழுதி முடிக்கும்போது மணி அடித்தது.

ஒன்றாம் கட்டிலில் ஒரே ஆள். பேக்கரிக்காரர் இருந்த இடத்திலேயே குறட்டை விட்டார், தட்டச்சர் பன்னிரண்டில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நர்ஸ் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டே பார்க்க, ஓவென்று அழுதார்.

“பன்னெண்டு அடிச்சதுக்கா அழற?” என்றார் கணவர்.

எலும்பு ஆறு வாரத்தில் கூடியது. பதினாறாவது கட்டில் போடலாமா என்று கேட்டு நிர்வாகம் நான்கு முறை எழுதிவிட்டது. பதினாறு என்றால் இரண்டும் ஆறும் எட்டில் போய் விழும், ஒரேயடியாகப் பதினேழாக வாங்குங்கள் என்று நர்ஸ் நான்கு முறையும் பதில் எழுதினார். பதினேழுக்கு ஆர்டர் போயிருக்கிறது.