ஈரக் கரிசலில் ரெண்டு சைக்கிள்

உக்கிரபாண்டிக்குக் கெண்டைக்கால் ரெண்டும் கல்லாக இறுகிவிட்டது. இன்னும் ஓர் எட்டு வைத்தால் நரம்பு சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்றான். கேரியரின் ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கியது. பின்சக்கரம் சுற்றுவேனா என்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் மண் அடைத்து, உளுந்தமாவு மாதிரிப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

நாகலாபுரம் பக்கத்தில் மழைக்காலத்தில் எவனும் மட்கார்டோடு சைக்கிள் எடுக்கமாட்டான். முதல் மழைக்கு முந்தியே கழற்றிப் பரணில் போட்டுவிடுவான். உக்கிரபாண்டியும் கழற்றித்தான் போட்டிருந்தான். ஆனால் முந்தின நாள் ஆயுத பூசை. சைக்கிளைக் கழுவி நிறுத்தியபோது அவன் பொண்டாட்டி சீனித்தாய், "என்ன இது, மொட்டை போட்ட மாதிரி நிக்குது. சோறு போடுத சாமானை இப்படியா சாமி முன்னால நிறுத்துவாவ?" என்றாள். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாட்டினான். சந்தனமும் பூசினான். ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. விடியுமுன் கழற்றலாம் என்று பார்த்தால் ஸ்பேனர் பூசையில் இருந்தது.

"பூசையைப் பிரிக்கதுக்கு முந்தி ஆயுதத்தைத் தொடப்பிடாது" என்றாள் சீனித்தாய்.

"சைக்கிளை மட்டும் தொடலாமாக்கும்?"

"மாடு பூசை பாத்தா கறக்குது? சைக்கிளை எடுத்துத்தான் ஆகணும். ஸ்பேனரைக் கொண்டுபோயி என்னத்தக் கறக்கப் போறிய?"

இப்போது, ஊர்ப் பாதை தார் ரோட்டில் சேருகிற விலக்குக்கு இன்னும் முக்கால் மைல் கிடந்தது. அங்கே தார் ரோட்டில் பால் வண்டி வந்து நிற்கும். அதிக நேரம் நிற்காது. கடற்கரை என்கிற அந்த வண்டிக்காரன் போன வாரமே கறாராகச் சொல்லியிருந்தான், இன்னொரு தரம் பிந்தினால் இந்த ஊர்ப் பாலை வேறு ஆள் எடுப்பான் என்று. அந்தப் பாலை விட்டால் உக்கிரபாண்டிக்குப் புஞ்சைக் காட்டில் கூலிவேலைதான். வருசத்தில் பாதி நாள் காட்டிலும் வேலை கிடையாது.

பின்னால் சேறு சளப்சளப்பென்றது. ஹரி வந்தான். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற பூவனநாதன் மகன். பெங்களூரில் வேலை. லீவுக்கு வந்தால் காலையில் இந்தப் பக்கம் சைக்கிளில் சுற்றுவான். இன்றைக்கு ஓட்டிக்கொண்டு வரவில்லை. சைக்கிள் அவன் தோளில் துண்டு மாதிரிக் கிடந்தது.

"என்ன தம்பி, ஒங்க சைக்கிளும் நடந்துதான் வருதா?"

"இந்த மண்ணுல எது அண்ணாச்சி ஓடும்? முன்சக்கரத்துல அடைச்சிருச்சு. கனமில்லாததால தூக்கிட்டாவது வாரேன்."

"தாங்க, பாப்போம்."

உக்கிரபாண்டி வாங்கி, வேண்டாத பலத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தடுமாறினான். நிறைகுடம் என்று நினைத்துக் காலிக் குடத்தைத் தூக்கினவன் மாதிரி.

"என்ன இரும்பு இது?"

"இரும்பு இல்ல, கார்பன். நூல் மாதிரி இருக்கும். அடுக்கடுக்கா வச்சுப் பசை போட்டு வேக வைப்பாங்க."

"ஒடைஞ்சா?"

"நம்மூர்ல ஒட்ட ஆள் கிடையாது. தூர எறிய வேண்டியதுதான்."

"என் சைக்கிள்ல ரெண்டு எடத்துல ஒட்டு இருக்கு. வெல்டிங் கடையில ஒரு டீ ஆறுததுக்குள்ள ஒட்டிக் குடுத்துட்டான்." அதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டு, பிறகு தன் சைக்கிளைப் பார்த்தான். "ஆனா இதைத் தோள்ல போட்டா நான் மண்ணுக்குள்ள போயிருவேன். இந்தச் சேத்துக்கு ஒங்கதுதான் தம்பி நல்லது. ஒரு கேனை அதுல தொங்க விடுவமா?"

ஹரி கேனைப் பார்த்தான், மெல்லிய குழாயைப் பார்த்தான். "கயிறு இறுக்குனா குழாய் விரிசல் விட்டுருமோன்னு பயமா இருக்கு அண்ணாச்சி." கொஞ்சம் யோசித்தான். "ஒங்க சைக்கிளை இங்கயே விட்டுட்டுப் போவோம். பாலுதான போகணும்?"

அது உக்கிரபாண்டிக்குத் தோன்றவே இல்லை. அவனுக்குப் பாலும் சைக்கிளும் ஒன்றுதான். சைக்கிளை உடைமரத்தடியில் சாய்த்தான். ஆளுக்கொரு கேன். ஹரிக்குத் தோளில் கார்பனும் இருந்தது. நாலு எட்டுக்கு ஒருதரம் கை மாற்றினான். முகம் செக்கச் செவேல் என்றாகிவிட்டது.

"பெங்களூர்ல வயித்துக்கு ஒண்ணும் போடமாட்டாவளோ?"

"பேச்சு குடுக்காதீங்க அண்ணாச்சி. மூச்சு வாங்குது."

சேறு முடிந்து சரள் பாதை தொடங்குகிற இடத்தில் வண்டி கிளப்புகிற சத்தம் கேட்டது. ஹரி கேனைக் கீழே வைத்தான். சக்கரத்துக்குள் விரலை விட்டு மண்ணை வழித்து எறிந்தான். ஏறி மிதித்தான். சரளில் அந்தச் சைக்கிள் ஓணான் மாதிரி ஓடியது. உக்கிரபாண்டி ரெண்டு கேனையும் ரெண்டு கையில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஹரி சைக்கிளை வண்டிக்குக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றான்.

"ஏலே, ஒன் சைக்கிள் எங்க?" என்றான் கடற்கரை.

"மட்கார்டு மாட்டிக்கிட்டு உடைமரத்தடியில சாமி கும்பிடுது."

கடற்கரைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேனைத் திறந்து மோந்து பார்த்தான். பால் நன்றாக இருந்தது. அளந்து ஊற்றினான். "நாளைக்கு மட்கார்டு இல்லாம வா" என்று வண்டியில் ஏறினான். வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை.

ஹரி கை காட்டிவிட்டுத் தார் ரோட்டில் கோவில்பட்டியைப் பார்த்துப் போனான். காலிக் கேன்களைக் கையில் வீசி ஆட்டிக்கொண்டு உக்கிரபாண்டி சேற்றுக்குத் திரும்பினான். பசித்தது. ஆனாலும் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் நடந்தான். பூவனநாதன் மகன் ஒரு கேன் பாலை அவனுக்காகச் சேற்றில் சுமந்திருக்கிறான். அந்த ஒரு சுமையை உக்கிரபாண்டி இன்னும் ஹரிக்குத் திருப்பிச் சுமக்கவில்லை; அடுத்த லீவுக்கு வரும்போது சுமந்தால் போச்சு.